இங்கிலீசு மருந்தா, ஊர் மருந்தா? கேட்கவேண்டிய கேள்வி வேறு

புலம்பெயர்ந்து வாழும் எம்மவர் வீடுகளில் ஓயாத வழக்கொன்று பல ஆண்டுகளாக நடந்துவருகின்றது. ஒருபுறத்தில் வைத்தியசாலையில் எழுதித் தந்த குளிசைகள். மறுபுறத்தில் ஊரிலிருந்து வந்தவர் பெட்டியிற் கொண்டுவந்த தூளும் எண்ணெயும் இலேகியமும். இங்கிலீசு மருந்து உடம்பைச் சூடாக்கும், குடலைப் புண்ணாக்கும், ஒரு வருத்தத்தை மாற்றி இன்னொன்றைக் கொண்டுவரும் என்பது ஒரு கட்சி. ஊர் மருந்தென்பது முழுவதும் மூடநம்பிக்கை, தூக்கிக் குப்பையில் எறியுங்கள் என்பது மறுகட்சி. பின்னையது பெரும்பாலும் இந்நாடுகளிலே படித்து வளர்ந்த பிள்ளைகளின் கட்சியாக இருப்பதனால், வழக்கு மருந்தைப் பற்றியதாகத் தொடங்கி, மரபைப் பற்றியதாகவும் மரியாதையைப் பற்றியதாகவும் மாறிவிடுகின்றது. அதன்பின் நோயாளியை எவரும் நினைப்பதில்லை.

இவ்வழக்கு எமக்கு மாத்திரம் உரியதன்று. எமக்குப் புகலிடம் தந்த ஐரோப்பிய நாடுகளிலும் இதே பிணக்கு இருநூறு ஆண்டுகளாக நடந்துவருகின்றது. அங்கு அது வெள்ளையருக்கும் வெள்ளையருக்கும் இடையிலான வழக்கு. கிழக்கு, மேற்கு என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. எனவே அதனை முதலில் நோக்குவது எமது வழக்கின் சூட்டைச் சற்றுத் தணிக்கும் என எண்ணுகின்றோம்.

1835ஆம் ஆண்டின் பாரிஸ்

ஹோமியோபதி வைத்தியத்தை நிறுவியவர் சாமுவேல் ஹானிமன் என்னும் ஜேர்மனிய வைத்தியர். 1755இல் பிறந்த இவர், முதுமையில் ஒரு பிரெஞ்சுப் பெண்மணியை மணந்து 1835இல் பாரிசுக்கு வந்து குடியேறினார். 1843இல் இந்நகரிலேயே காலமானார். அவருடைய சமாதி இன்று பேர் லஷேஸ் மயானத்தில் உள்ளது.

சுகதேகியிடம் எப்பொருள் ஒரு நோயின் குறிகளைத் தோற்றுவிக்கின்றதோ, அப்பொருளே அந்நோயைத் தீர்க்கும் என்பது அவர் கொள்கை. அப்பொருளை நீரிலோ மதுசாரத்திலோ கரைத்து மேன்மேலும் ஐதாக்கினால் அதன் வீரியம் கூடும் என்பது அவருடைய இரண்டாவது கொள்கை. ஒரு துளியை நூறு பங்காக ஐதாக்கி, அதிலொரு துளியை எடுத்து மீண்டும் நூறு பங்காக்கி, இவ்வாறு முப்பது தடவை செய்வது அவ்வைத்தியத்தில் வழக்கமான முறை. பன்னிரண்டு தடவைகள் தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுதானும் குப்பியில் எஞ்சியிருக்க வாய்ப்பில்லை என்பது இரசாயனம் படித்த எவரும் கணக்கிட்டு அறியக்கூடியது.

அவ்வாறாயின் அக்காலத்து மக்கள் ஏன் ஹானிமனை நாடிச் சென்றனர்? விடை எளியது. அன்றைய 'முறையான' வைத்தியம் அத்தனை கொடுமையானதாக இருந்தது. காய்ச்சலுக்கும் சளிக்கும் நோயாளியின் இரத்தத்தை வடித்தனர், பாதரசம் கொடுத்தனர், பேதிக்கு மேற் பேதி கொடுத்தனர். இரத்தத்தை உறிஞ்சுவதற்கென்று பிரான்ஸ் 1833ஆம் ஆண்டில் மாத்திரம் நான்கு கோடிக்கு மேற்பட்ட அட்டைகளை இறக்குமதி செய்தது. இத்தகைய வைத்தியரிடமிருந்து தப்பி, ஒன்றுமில்லாத நீரைக் குடித்துப் படுத்திருந்த நோயாளி பிழைத்துக்கொண்டதில் வியப்பில்லை.

ஆயினும் இரத்தம் வடிக்கும் வழக்கத்தை ஆட்டங்காணச் செய்தது ஹோமியோபதி அன்று. ஹானிமன் பாரிசுக்கு வந்த அதே 1835ஆம் ஆண்டில், அதே நகரில், பியர் லூயி என்னும் வைத்தியர் ஒரு நூலை வெளியிட்டார். அவர் செய்தது ஒரு சாதாரண காரியம்: எண்ணினார். நிமோனியாக் காய்ச்சல் கண்ட 77 நோயாளரை எடுத்து, நோயின் முதல் நான்கு நாட்களுக்குள் இரத்தம் வடிக்கப்பட்டவர் எத்தனை பேர், பிந்தி வடிக்கப்பட்டவர் எத்தனை பேர், ஒவ்வொரு கூட்டத்திலும் இறந்தவர் எத்தனை பேர் என்று கணக்கெழுதினார். முந்தி வடிக்கப்பட்டவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது. பெரியவர்கள் சொன்னார்கள், பரம்பரையாகச் செய்துவந்தோம், எம் கண்ணாற் கண்டோம் என்ற வாதங்கள் யாவும் அந்தக் கணக்கேட்டின் முன் தளரத் தொடங்கின.

பின்னாளில் இந்த எண்ணும் முறை மேலும் செம்மையடைந்தது. 1947இல் பிரித்தானியாவில் காசநோய்க்கான ஸ்ரெப்ரோமைசின் மருந்தைச் சோதித்தபோது, 107 நோயாளரை எவருடைய விருப்பத்துக்கும் இடமின்றிக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஆறு மாதங்களுள், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தனர். படுக்கை ஓய்வு மாத்திரம் பெற்ற 52 பேரில் 14 பேர் இறந்தனர். இன்று நாம் 'இங்கிலீசு வைத்தியம்' எனப் பெயரிட்டு அழைப்பதன் உயிர்நாடி இந்தக் கணக்கெடுப்பே. வெள்ளை அங்கியும் ஊசியும் அதன் வெளிக்கோலங்கள்.

கூரையில் ஒட்டப்பட்ட கடித உறை

ஹோமியோபதியும் இக்கணக்கெடுப்புக்கு உட்பட வேண்டிய காலம் வந்தது. 1988இல், பாரிசுக்கு அண்மையிலுள்ள கிளமார் நகரில் ஆய்வுகூடம் நடத்திய ஜாக் பென்வெனிஸ்த் என்னும் ஆய்வாளர், மூலப்பொருள் ஒரு மூலக்கூறுதானும் இல்லாத அளவுக்கு ஐதாக்கப்பட்ட நீரும் உடற்கலங்களில் மாற்றத்தை உண்டாக்குகின்றது என்று 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினார். நீருக்கு ஞாபகசக்தி உண்டென்று உலகப் பத்திரிகைகள் கொண்டாடின.

அச்சஞ்சிகையின் ஆசிரியர் ஜோன் மடொக்ஸ், செப்பிடுவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி உட்பட மூவர் கிளமாருக்கு நேரிற் சென்றனர். எக்குழாயில் மருந்து, எக்குழாயில் வெறும் நீர் என்பதைப் பரிசோதிப்பவர் அறியாதவாறு குழாய்களுக்கு இரகசியக் குறியிட்டனர். அக்குறிகள் எழுதிய கடித உறையை எவரும் தொடாதபடி ஆய்வுகூடத்தின் கூரையில் ஒட்டிவைத்தனர். சோதனை முடிந்து உறையைத் திறந்தபோது, மருந்துக் குழாய்க்கும் நீர்க் குழாய்க்கும் வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. எது எதுவென அறிந்திருந்த வேளையில் தெரிந்த மாற்றம், அறியாதபோது மறைந்துவிட்டது. ஆய்வாளர் பொய் சொன்னார் என்பது இதன் பொருளன்று. எதிர்பார்ப்பு மனிதனின் கண்ணையும் ஆளும் என்பதே இதன் பொருள்.

பிரான்சில் ஹோமியோபதி மருந்துகளுக்கு அரச மருத்துவக் காப்புறுதி நீண்டகாலம் பணம் வழங்கிவந்தது. 2019இல் நாட்டின் உயர் சுகாதார அதிகாரசபை, ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளைப் பரிசீலித்து, இம்மருந்துகள் பொதுப்பணத்திற் கொடுபடத்தக்க பயனை நிறுவவில்லை என அறிவித்தது. 30 வீதமாக இருந்த கொடுப்பனவு 2020 ஜனவரியில் 15 வீதமாகக் குறைக்கப்பட்டு, 2021 ஜனவரி முதலாந் திகதியுடன் நிறுத்தப்பட்டது. மருந்துக்கடைகளில் அவற்றை விற்பதற்குத் தடையில்லை. வாங்குபவர் தம் பணத்தில் வாங்கவேண்டும்.

அயல்நாடான சுவிற்சர்லாந்து வேறுவழி சென்றது. 2009 மே 17ஆந் திகதி நடந்த வாக்கெடுப்பில் 67 வீதமானோர் மாற்று வைத்தியங்களுக்கு அரசியலமைப்பில் இடமளிக்க ஆதரவு தெரிவித்தனர். மக்கள் தாம் விரும்பும் வைத்தியத்தைக் கேட்பதற்கு உரிமையுடையவர்கள் என்பதில் எமக்குக் கருத்து வேறுபாடில்லை. ஆனால் எந்தச் செலவைப் பொதுப்பணத்திலிருந்து கொடுப்பது என்பதை வாக்குப்பெட்டி தீர்மானிக்கலாம். எந்த மருந்து நோயைத் தீர்க்கின்றது என்பதை அது தீர்மானிக்க முடியாது.

'இயற்கை' என்னும் சொல்

ஹோமியோபதிச் சீனியுருண்டையில் பெரும்பாலும் ஒன்றுமில்லை. ஆதலால் அதனால் நேரடித் தீங்கும் குறைவு. மூலிகையின் கதை அவ்வாறன்று. மூலிகையில் மெய்யாகவே மருந்துப்பொருள் உண்டு. குணஞ்செய்யவல்லது எதுவோ, அது குற்றமும் செய்யவல்லது. "இயற்கையானது, ஆகவே பக்கவிளைவு இல்லை" என்ற விளம்பர வாசகம் எம்மவர் கடைகளிலும் துண்டுப்பிரசுரங்களிலும் அடிக்கடி காணப்படுவதனால், இதனைச் சற்று விரித்துரைக்க வேண்டியுள்ளது.

1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் தலைநகரான பிரசெல்சில், உடல் மெலிவதற்காக ஒரு சிகிச்சை நிலையத்துக்குச் சென்ற பெண்கள் பலருக்குச் சிறுநீரகங்கள் விரைந்து செயலிழந்தன. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட குளிசைகளில் சீன மூலிகைத் தூள் சேர்க்கப்பட்டிருந்தது. அத்தூளில் இருக்கவேண்டிய மூலிகைக்குப் பதிலாக அரிஸ்ரொலோக்கியா என்னும் வேறொரு செடியின் வேர் கலந்திருந்தமை பின்னர் தெரியவந்தது. பாதிக்கப்பட்டோர் தொகை நூறைத் தாண்டியது. பலர் இயந்திரத்தின் மூலம் இரத்தம் சுத்திகரிக்கவும் மாற்றுச் சிறுநீரகம் பெறவும் நேர்ந்தது. ஆண்டுகள் சென்றபின் அவர்களுட் சிலருக்குச் சிறுநீர்ப் பாதையிற் புற்றுநோயும் கண்டது. அச்செடியிலுள்ள அமிலம் மனிதரிடம் புற்றுநோயை உண்டாக்குவது என்பது இன்று ஐயத்துக்கு இடமின்றி ஏற்கப்பட்டுள்ளது.

இதனை எங்கோ நடந்த சீனக் கதையென்று தள்ளிவிடலாகாது. எமது நாட்டு வைத்தியத்தில் வழங்கும் ஆடுதின்னாப்பாளையும் ஈசுரமூலியும் அதே அரிஸ்ரொலோக்கியா இனத்தைச் சேர்ந்த செடிகளே. ஆடு தின்னாத செடி என்று பெயரிட்ட எம் முன்னோர், அதன் கடுமையை ஓரளவு அறிந்தே இருந்தனர் போலும். சிறுநீரகம் மெல்ல மெல்லப் பழுதாவதையோ, ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் தோன்றுவதையோ எந்தக் கூர்மையான கண்ணும் தனித்துநின்று கண்டுபிடிக்க இயலாது. நூற்றுக்கணக்கானோரை நெடுங்காலம் கணக்கெடுத்தாலன்றி அது வெளிப்படாது.

இருமலுக்கு நாம் வாயிலிட்டுச் சுவைக்கும் அதிமதுரமும் அளவு மிஞ்சினால் இரத்த அழுத்தத்தைக் கூட்டும். உடலிலுள்ள பொட்டாசியத்தைக் குறைக்கும். பிரஷர் குளிசை எடுப்பவர் இதனை அறிந்திருத்தல் வேண்டும். மனச்சோர்வுக்கென ஐரோப்பிய மூலிகைக் கடைகளில் விற்கப்படும் மில்பெர்த்துய் என்னும் செடி, கருத்தடைக் குளிசை தொடக்கம் மாற்றுச் சிறுநீரகத்தைக் காக்கும் மருந்து வரை பலவற்றின் வலுவைக் குறைத்துவிடும்.

உலோகங்களைச் சேர்த்துச் செய்யும் பற்பமும் செந்தூரமும் இன்னொரு வகை. முறைப்படி சுத்தி செய்தால் நஞ்சு நீங்கும் என்பது மரபு. சுத்தி செய்தார்களா, நீங்கியதா என்பதைக் குப்பியின் மேலட்டை சொல்லாது. 2004இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரப் பகுதியிலுள்ள தென்னாசியக் கடைகளில் வாங்கிய 70 ஆயுள்வேத மருந்துகளைப் பரிசோதித்தபோது, 14 மருந்துகளில் ஈயம், பாதரசம், பாஷாணம் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ காணப்பட்டன. ஈயம் கர்ப்பிணியின் வயிற்றிலுள்ள சிசுவையும் சென்றடையும். வளரும் பிள்ளையின் மூளையைப் பாதிக்கும். வயிற்று நோவும் சோகையும் ஏன் வந்தன என்று தெரியாமல் வைத்தியசாலை வைத்தியசாலையாக அலைந்த பின்னரே, வீட்டிலுள்ள இலேகியப் போத்தலின் நினைவு பலருக்கு வருகின்றது.

"மருந்து ஒன்றும் எடுப்பதில்லை"

வைத்தியசாலைகளில் மொழிபெயர்ப்புக்காக எம்மவர் சிலருடன் செல்லும் வாய்ப்பு எமக்கு உண்டு. அவ்வாறு சென்ற ஒரு நாளில், உணவகமொன்றின் சமையற்கூடத்தில் வேலைசெய்யும் ஐம்பது வயதுக்காரர் ஒருவரின் படுக்கையருகே நின்றோம். சலரோகக்காரர். காலிற் சிறு கொப்புளமாகத் தொடங்கிய புண் அழுகி, இரண்டு விரல்களை எடுக்கவேண்டிய நிலை.

வேறு ஏதேனும் மருந்து எடுக்கின்றீர்களா என்று வைத்தியர் கேட்டதை மொழிபெயர்த்தோம். "மருந்து ஒன்றும் எடுப்பதில்லை" என்றார். வைத்தியர் சென்றபின், "அண்ணை, ஊரிலை இருந்து ஏதும் எடுப்பிக்கிறனீங்களோ?" என்று கேட்டோம். "அது மருந்தில்லைத் தம்பி, ஒரு தூள். எட்டு மாதமாய்க் குடிக்கிறன். அதாலைதான் குளிசையை விட்டனான்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. பிரெஞ்சு வைத்தியரின் அகராதியில் மருந்தென்பது உடலை மாற்றும் நோக்குடன் உட்கொள்ளும் எதுவும். அவருடைய அகராதியில் மருந்தென்பது மருந்துக்கடையிற் பெட்டியில் வருவது. இந்த ஒரு சொல்லின் இடைவெளியில் எட்டு மாதச் சீனி அவர் நரம்புகளை மரக்கச்செய்தது. மரத்த கால் கொப்புளத்தை உணரவில்லை.

சலரோகத்துக்கென விற்கப்படும் தூள்கள் எம்மிடையே ஏராளம். பாகற்காய் சீனியைக் குறைக்கும் என்பது பரவலான நம்பிக்கை. அதனைப் பரிசோதித்த ஆய்வுகளைக் கொக்ரேன் என்னும் ஆய்வு அமைப்பு 2012இல் ஒன்றுதிரட்டி நோக்கியபோது, 479 பேரை உள்ளடக்கிய நான்கு ஆய்வுகளே தேறின. பயன் உண்டென்று சொல்லப் போதிய சான்று கிடைக்கவில்லை. பாகற்காயைக் கறியாக உண்பதற்கு இது தடையன்று. குளிசைக்குப் பதிலாக அதனை வைப்பதற்கே தடை. சில தூள்கள் உண்மையாகவே சீனியை இறக்குவதும் உண்டு. அதன் இரகசியத்தைப் பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் கண்டுபிடித்திருக்கின்றனர்: கிளிபென்கிளமைட் போன்ற சலரோகக் குளிசைகளை அரைத்து, மூலிகை என்ற பெயரில் அளவின்றிக் கலந்துவிடுகின்றனர். மூட்டுவாதத் தூள்களில் ஸ்ரெரொயிட் மருந்துகளைக் கலப்பதும் அவ்வாறே. இங்கிலீசு மருந்துக்கு அஞ்சி ஓடியவர், பெயரும் அளவும் தெரியாத இங்கிலீசு மருந்தையே விழுங்குகின்றார்.

சிறுபிள்ளைகளுக்கு வரும் முதலாம் வகைச் சலரோகத்தைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். அவர்களுடைய உடல் இன்சுலினைச் சுரப்பதில்லை. இன்று எம்மவர் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோ நகரில், 1922 ஜனவரியில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்படும் வரையில், இந்நோய் கண்ட பிள்ளைகள் உருக்குலைந்து இறந்தனர். எந்தத் தூளும், எந்தக் குடிநீரும், எந்த நேர்த்திக்கடனும் அவ்வூசியின் இடத்தை நிரப்பாது. "இரண்டு நாள் ஊசியை நிறுத்திப் பார்ப்போம்" என்று சொல்பவர் எவராயினும் அவரை வாசற்படியிலேயே தடுத்து நிறுத்துங்கள். சில நாட்களுக்குள் உயிர் போகும்.

புற்றுநோய்க்கும் இவ்வாறே ஒரு கணக்குண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பரவாத நிலையிற் கண்டறியப்பட்ட மார்பு, நுரையீரல், பெருங்குடல், புரஸ்ரேற் புற்றுநோயாளரை ஆராய்ந்து 2018இல் முடிவை வெளியிட்டனர். மாற்று வைத்தியத்தை மாத்திரம் தெரிந்தெடுத்த 281 பேரை, வழக்கமான சிகிச்சை பெற்ற 560 பேருடன் ஒப்பிட்டனர். முன்னையவர்கள் இறக்கும் ஆபத்து இரண்டரை மடங்காக இருந்தது. மார்புப் புற்றுநோயில் அது ஐந்து மடங்குக்கும் மேல். குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்தவர்களின் கணக்கு இது என்பதே நெஞ்சைச் சுடுகின்றது.

மறுபக்கத்தின் குற்றங்கள்

இவ்வளவும் சொன்னபின், இங்கிலீசு மருந்து குற்றமற்றதென்று எவரும் எண்ணிவிடலாகாது. 1957இல் மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்த தலிடோமைட் என்னும் மருந்தைக் கர்ப்பிணிகள் எடுத்ததனால், 1961இல் அது மீளப் பெறப்படுமுன், உலகெங்கும் ஏறத்தாழப் பத்தாயிரம் குழந்தைகள் ஊனத்துடன் பிறந்தன. பிரான்சிலே மெடியாற்றோர் என்ற குளிசை 1976 முதல் விற்கப்பட்டது. ஏறத்தாழ ஐம்பது இலட்சம் பேர் அதனை உட்கொண்டனர். அது இருதயத்தின் வால்வுகளைக் கெடுக்கின்றதென்று பிரெஸ்ற் நகர வைத்தியர் இரேன் பிராசோன் அம்மையார் விடாது குரலெழுப்பிய பின்னரே, 2009 நவம்பரில் அது நிறுத்தப்பட்டது. 2021 மார்ச்சில் பாரிஸ் நீதிமன்றம் அதனைத் தயாரித்த நிறுவனத்தைக் குற்றவாளியெனத் தீர்ப்பளித்தது.

மருந்து நிறுவனங்களின் பேராசைக்கு இவை சான்று. ஆயினும் மெடியாற்றோரின் தீங்கு எவ்வாறு வெளிவந்தது? அம்மையார் நோயாளரின் ஏடுகளைப் புரட்டி, குளிசை எடுத்தவர் எத்தனை பேர், எடுக்காதவர் எத்தனை பேர், வால்வு கெட்டவர் எத்தனை பேர் என்று எண்ணினார். பியர் லூயி செய்த அதே வேலை. அதிலே இலக்கத்தோடும் அளவோடும் பதிவான மருந்து இருந்தது. வழக்குத் தொடர ஒரு முகவரியும் இருந்தது. பெட்டியில் வந்த தூளினால் ஒருவருக்குச் சிறுநீரகம் கெட்டால், எந்த ஏட்டைப் புரட்டுவது? எந்த முகவரிக்கு வழக்கிடுவது?

புல்லிலிருந்து குளிசைக்கு

சலரோகக்காரர் நாள்தோறும் விழுங்கும் மெற்போமின் குளிசையை 'கெமிக்கல்' என்று வெறுப்பவர்கள் உளர். அதன் பூர்வீகம் கலேகா என்னும் செடி. ஐரோப்பியப் புல்வெளிகளில் வளர்வது. இந்நாட்டுப் பாட்டிமாரின் கைமருந்தாக இருந்தது. அச்செடியிலுள்ள பொருள் சீனியைக் குறைத்தது. ஆனால் நஞ்சாகவும் இருந்தது. அதன் இரசாயன உறவினருள் தீங்கு குறைந்த ஒன்றைத் தேடியதன் முடிவே மெற்போமின். 1957இல் அதனை நோயாளருக்குக் கொடுத்துப் பயனை வெளியிட்டவர் பாரிசில் பணியாற்றிய ஜோன் ஸ்ரேர்ன் என்னும் வைத்தியர்.

சீனத்தின் தூ யூயூ அம்மையாரின் கதை இன்னும் சிறந்தது. மலேரியாவுக்கு மருந்து தேடிய அவர், நான்காம் நூற்றாண்டு வைத்திய ஏடொன்றில், ஒரு செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து அருந்துமாறு எழுதியிருப்பதைக் கண்டார். காய்ச்சுமாறு ஏடு கூறவில்லை. சூடு மருந்துப்பொருளைக் கெடுக்கின்றது போலும் என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் ஈதரைக்கொண்டு சாற்றை எடுத்தார். விலங்குகளிற் சோதித்தார், பின்னர் தாமும் அருந்திப் பார்த்தார், அதன்பின்னரே நோயாளருக்குக் கொடுத்தார். ஆர்ட்டிமிசினின் என்னும் அம்மருந்து இலட்சக்கணக்கான உயிர்களைக் காத்தது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பழைய ஏட்டை அவர் இகழவுமில்லை, கண்மூடித் தொழவுமில்லை.

எமக்கும் பழைய ஏடுகள் உண்டு. யாழ்ப்பாண அரசர் காலத்துக்குரியனவாகக் கருதப்படும் செகராசசேகரமும் பரராசசேகரமும் பெரும் வைத்திய நூல்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவக் கல்வி கைதடியில் நடைபெறுகின்றது. இவற்றுள் இன்னொரு ஆர்ட்டிமிசினின் ஒளிந்திருக்கலாம்; இல்லாமலும் போகலாம். எண்ணிப் பார்த்தாலன்றித் தெரியாது. பரராசசேகரத்துக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதனைச் சோதிப்பதாகும்.

மானிப்பாய் சொல்லும் பாடம்

'அவர்களுடைய வைத்தியம், எங்களுடைய வைத்தியம்' என்ற பிரிவினையே ஆட்டங்காணும் ஒரு வரலாறு எம் மண்ணில் உண்டு. சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மிஷனரி வைத்தியர் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தினார். உடற்கூறும் சத்திரசிகிச்சையும் மருந்தியலும் தமிழிலேயே படிப்பிக்கப்பட வேண்டும் என்று துணிந்து, பாடநூல்களைத் தமிழில் ஆக்குவித்தார், கலைச்சொற்களைத் தொகுத்தார், 1860களில் தமிழ்மொழி மூலம் வைத்தியம் கற்பித்தார். அவரிடம் பயின்று வெளியேறிய வைத்தியர்கள் அறுபதுக்கு மேற்பட்டோர். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே இங்கிலீசு வைத்தியம் தமிழ் பேசியது. இன்று அதனை அந்நியம் என்பது எமது வரலாற்றில் ஒரு பகுதியை நாமே மறுப்பதாகும்.

கிறீன் அறிந்திருந்த உண்மையை இன்றைய ஐரோப்பிய வைத்தியசாலைகள் போதிய அளவு அறியவில்லை. நோயாளி தன் மொழியில் நோயைச் சொல்ல முடியாத இடத்தில் வைத்தியம் பாதியே நடக்கும். கால்மணி நேரத்துக்குள், பன்னிரண்டு வயது மகனை மொழிபெயர்ப்பாளனாக வைத்துக்கொண்டு, தன் மாதவிலக்கைப் பற்றி ஒரு தாய் எவ்வாறு பேசுவாள்? ஊரிலே பரியாரியார் நாடி பிடித்து, பசியைக் கேட்டார், நித்திரையைக் கேட்டார், மலசலத்தைக் கேட்டார், வீட்டுக் கவலையையும் கேட்டார். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு தெரியாமல், மருத்துவக் காப்பு அட்டையும் கைக்கு வராமல், இரவில் நித்திரையின்றித் தவிக்கும் ஒருவருக்கு அந்தக் கேள்விகளே பாதி மருந்து. எம்மவர் ஊர் மருந்தை நாடுவதற்கு அறியாமை மாத்திரம் காரணம் என்பவர் இதனை எண்ணிப்பார்க்கவில்லை. அவர்கள் தேடிச் செல்வது பெரும்பாலும் தம்மைச் செவிமடுக்கும் ஒருவரை.

வீட்டில் செய்யக்கூடியவை

எனவே, பிள்ளைகள் தாய்தந்தையரை ஏளனஞ் செய்வதையும், தாய்தந்தையர் மருந்தை மறைத்துக் குடிப்பதையும் முதலில் நிறுத்துதல் வேண்டும். மறைக்கப்படும் மருந்தே அதிக ஆபத்தானது. வைத்தியரிடம் செல்லும்போது வீட்டிலுள்ள தூள், எண்ணெய், இலேகியம், குளிசை யாவற்றையும் ஒரு பையிலிட்டுக் கொண்டுசென்று மேசைமீது வையுங்கள். மருந்தா, மருந்தில்லையா என்ற தர்க்கத்துக்கு இடமே இராது.

எழுதித் தந்த குளிசையை வைத்தியருடன் பேசாது நிறுத்தாதீர்கள். பக்கவிளைவு இருப்பின் அதனைச் சொல்லுங்கள். மாற்று மருந்து பல வேளைகளில் உண்டு. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், கைக்குழந்தைகள், சிறுநீரகமோ ஈரலோ பழுதுற்றவர், சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்போர் ஆகியோருக்கு எந்த மூலிகையும் வைத்தியருக்குத் தெரியாமற் கொடுக்கப்படலாகாது.

ஊர் வைத்தியரிடமும் கேள்வி கேளுங்கள். இதில் என்ன சரக்குகள் சேர்ந்துள்ளன? உலோகம் உண்டா? எழுதிக் கையொப்பமிட்டுத் தருவீர்களா? நல்ல வைத்தியர் இதற்குக் கோபிக்கமாட்டார். எல்லா வருத்தத்துக்கும் ஒரே மருந்து, நூற்றுக்கு நூறு சுகம், குளிசையை இன்றே விட்டுவிடலாம் என்று சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுங்கள். தொலைபேசி வழியாக மொழிபெயர்க்கும் வசதி பல இடங்களில் உண்டு; கேளாதவருக்கு அதைப்பற்றி எவரும் சொல்வதில்லை. பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு, உங்கள் நோயை உங்கள் வாயாற் சொல்லுங்கள்.

தடிமனுக்கு மல்லிக் குடிநீரும், வேது பிடித்தலும், பிள்ளைப்பெற்ற தாய்க்குப் பத்தியத்துடன் சரக்குக் கறியும் எமது வீடுகளில் தொடரட்டும். அவை தாய் மடியின் ஞாபகத்தைச் சுமப்பவை; அந்நிய மண்ணிலே அதுவும் ஓர் ஆறுதல். ஆனால் கால் மரக்கும்போதும், மார்பிற் கட்டி தட்டுப்படும்போதும், பிள்ளை தாகத்தால் தவித்து மெலியும்போதும், இது யாருடைய மருந்து என்று கேட்டு நாளைக் கடத்தாதீர்கள். இதனை எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கேளுங்கள். விடை சொல்லக்கூடியவரிடம் அன்றே செல்லுங்கள்.